தெரியுமா? காணாமல் போன புதுமாப்பிள்ளையும் வளையலாகிப் போன படமும்!

எங்கள் அந்தமானில், போர்ட் பிளேர் படகுத்துறையில் காலை ஆறு மணிக்குப் போய் நின்று பாருங்கள். கையில் மருதாணி மங்காத பெண், மோதிரம் புதுசாக மின்னும் மாப்பிள்ளை, ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகுக்கு வரிசை வரிசையாக ஜோடிகள்! ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், ஹேவ்லாக்குக்கு சுவராஜ் தீவு என்று பெயர். ஜோடிகள் மட்டும் அப்படியே! எல்லோர் கையிலும் செல்போன். ஒரு சிரிப்பை விடுவதில்லை, ஒரு சிணுங்கலை விடுவதில்லை, அத்தனையும் படமாகிவிடுகிறது. அந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சினிமா நினைவுக்கு வரும். நான் பார்த்திராத சினிமா. நீங்களும் முழுசாகப் பார்க்க முடியாத சினிமா!

1921 பிப்ரவரி 26. கல்கத்தாவில் பவானிபூர் பக்கம் ரசா தியேட்டர். இருட்டில் ஒரு படம் ஓடத் தொடங்குகிறது. பெயர் 'பிலெத் ஃபெரத்'. சீமையிலிருந்து திரும்பியவன் என்று அர்த்தம். ராமன் இல்லை, கிருஷ்ணன் இல்லை, அரக்கன் இல்லை, தலையில் அட்டைக் கிரீடம் இல்லை! கோட்டும் சூட்டுமாகச் சீமையிலிருந்து வந்து இறங்கும் ஒரு வாலிபன், காதலும் கல்யாணமும் எப்படி இருக்க வேண்டும் என்று அப்பா அம்மாவுக்கே பாடம் நடத்துகிறான். வீடே ஆடிப்போகிறது. நம் நாட்டில், நம் காலத்து உடுப்பில், நம் வீட்டுக் கூடத்தில் நடக்கிற காதல் கதையை வைத்து ஜனங்களைச் சிரிக்க வைத்த முதல் படங்களில் இது ஒன்று. சினிமா என்றாலே புராணம் என்றிருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய துணிச்சல் தெரியுமா?

கதையை யோசித்ததும் நடித்ததும் தீரேந்திரநாத் கங்கூலி. 'டி.ஜி.' என்றால் வங்காளத்தில் பழைய ஆட்களுக்கு இன்னும் முகம் மலரும். 1893-ல் பிறந்தவர், சாந்திநிகேதனில் படித்தவர், ஹைதராபாத்தில் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்தவர். படம் எடுக்க வருவதற்கு முன்பே விதவிதமாக வேஷம் கட்டி, கிழவனாக, குமரியாக, கணக்கப்பிள்ளையாக, தன்னைத் தானே படம் பிடித்து ஒரு புத்தகமே போட்டிருந்தார்! ஒரே ஆள், ஒரே முகம், எத்தனை மனிதர்கள்! அந்த முகத்தை நம்பித்தான் நிதீஷ் லாஹிரியும் அவரும் சேர்ந்து 1918-ல் இந்தோ-பிரிட்டிஷ் ஃபிலிம் கம்பெனியைத் தொடங்கினார்கள். படத்தை இயக்கியவர் லாஹிரி.

டி.ஜி. அதோடு நின்றாரா? மறுபடி ஹைதராபாத் போனார், லோட்டஸ் ஃபிலிம் கம்பெனி ஆரம்பித்தார், 'லேடி டீச்சர்', 'மேரேஜ் டானிக்' என்று வரிசையாகப் படம் எடுத்தார். மேரேஜ் டானிக்! நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு படத்துக்கு இப்படிப் பெயர் வைக்க எவ்வளவு குறும்பு வேண்டும்! பிறகு 1924-ல் 'ரஸியா பேகம்' என்ற படத்தைத் திரையிட்டதில் நிஜாமின் கோபத்துக்கு ஆளாகி, ஊரை விட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. 1975-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்குத்தான். நாட்டின் மிகப்பெரிய சினிமா விருது கையில் வந்துவிட்டது. அவர் நம்மைச் சிரிக்க வைத்த படத்தைத்தான் முழுசாகப் போட்டுக் காட்ட முடியவில்லை. இதைவிட மனசைப் பிசைகிற விஷயம் உண்டா?

இனி நான் சொல்லப் போவதைக் கேளுங்கள். கல்கத்தாவில் அந்தப் புதுமாப்பிள்ளையைப் பார்த்து ஜனங்கள் சிரித்துக்கொண்டிருந்த ஏறக்குறைய அதே காலத்தில், அதே கல்கத்தாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் எங்கள் தீவில் எப்படிக் கல்யாணம் செய்துகொண்டார்கள் தெரியுமா? எஸ்.எஸ். மகாராஜா என்ற கப்பல் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கும். ஆண்களுக்குத் தனி இடம். பெண்களுக்கு சவுத் பாயிண்டில் தனிச் சிறை. ஒழுங்காகப் பத்து வருஷம் கழித்த ஆணுக்கு, சொந்தமாக உழைத்துப் பிழைக்கச் சீட்டு கிடைக்கும். ஐந்து வருஷம் கழித்த பெண் கல்யாணத்துக்கு அனுமதி பெறலாம். சீட்டு பெற்றவன் சவுத் பாயிண்ட் சிறைக்கு வந்து பெண் பார்ப்பான். தாம்பூலத் தட்டு இல்லை, பஜ்ஜி சொஜ்ஜி இல்லை, பக்கத்தில் மாமன் மச்சான் இல்லை. சிறை அதிகாரி நிற்பார். இருவரும் சம்மதித்தால், சர்க்கார் எழுத்தில் கையெழுத்தானால், கல்யாணம்! ஜாதி வேறு, பாஷை வேறு, சில சமயம் மதமும் வேறு. அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகளின் வாரிசுகளைத்தான் இங்கே இன்றும் 'லோக்கல் பார்ன்' என்கிறோம். என் கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் அவர்கள். எல்லோருக்கும் பொதுவாக ஹிந்துஸ்தானி பேச்சு எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், இந்தக் கல்யாணங்களைத்தான் நான் முதலில் சொல்வேன். ஒருவரோடு ஒருவர் பேச ஏதாவது ஒரு பாஷை வேண்டுமே!

அந்தப் புதுமணத் தம்பதிகளின் முதல் நாள் எப்படி இருந்திருக்கும்? அவள் சமைத்ததை அவன் சாப்பிட்டானா? எதற்காவது சிரித்தார்களா? யாரும் படம் பிடிக்கவில்லை. கல்கத்தாவில் பிடித்து வைத்தார்கள், அதுவும் தங்கவில்லை.

சரி, ஏன் தங்கவில்லை? இதுதான் திகைக்க வைக்கும் விஷயம்! அந்தக் கால ஃபிலிம் எதனால் செய்தது தெரியுமா? செல்லுலோஸ் நைட்ரேட். வெடிமருந்துக்குப் பங்காளி! தீப்பிடித்தால் தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது, எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை அதுவே தயாரித்துக்கொள்ளும். 1950 வாக்கில்தான் உலகம் அதைக் கைவிட்டது. எரியாமல் தப்பித்தாலும் நிம்மதி இல்லை. உஷ்ணமும் ஈரமும் சேர்ந்தால் படம் மங்கும், பிசுபிசுக்கும், தேன்கூடு மாதிரி நுரைத்து ஒட்டும், கடைசியில் பழுப்புப் பொடியாகிவிடும். டப்பாவைத் திறந்தால் கதாநாயகி இருந்த இடத்தில் ஒரு கைப்பிடித் தூள்!

அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அந்தக் கறுப்பு எதனால் வருகிறது? வெள்ளி! நிஜமான வெள்ளித் துகள்! ஓடி முடித்த படத்தை வைத்திருப்பதைவிடக் கழுவி வெள்ளி எடுத்தால் லாபம் என்று எடைக்குப் போட்டார்கள். வெள்ளி போன பிறகு மிஞ்சும் வெற்று நாடா எங்கே போனது தெரியுமா? வளையல் செய்யப் போனது! கைப்பை செய்யப் போனது! யோசித்துப் பாருங்கள். திரையில் ஒரு புதுப்பெண் வெட்கப்பட்டுத் தலை குனிந்த அந்தச் சுருள், உருகி, வளைந்து, எந்தத் தெருவிலோ எந்தப் புதுப்பெண்ணின் கையிலோ வளையலாகக் குலுங்கியிருக்கும். அவளுக்குத் தெரிந்திருக்குமா?

இந்தியாவில் ஆயிரத்து முந்நூறுக்கு மேல் ஊமைப்படங்கள் எடுத்தார்கள். துண்டு துணுக்கு எல்லாம் சேர்த்து எண்ணினாலும் இன்று கையில் இருப்பவை சில பத்துகள்தான். நம் தென்னாட்டுக் கணக்கு இன்னும் மோசம். மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துகொண்டிருந்த நடராஜ முதலியார் சென்னை கீழ்ப்பாக்கத்தில் எடுத்த 'கீசக வதம்', தென்னிந்தியாவின் முதல் கதைப்படம், இல்லை. பி.கே. நாகலிங்கம் என்ற பெயரில் புதுக்கோட்டையில் பிறந்து, உடற்பயிற்சி வித்தைக்காரராகப் பம்பாய் போய், நட்சத்திரமாகித் திரும்பிவந்த ராஜா சாண்டோ இயக்கிய 'பேயும் பெண்ணும்', இல்லை. 'அநாதைப் பெண்', இல்லை. ஏ. நாராயணனின் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் 1929-ல் தொடங்கி மளமளவென்று எடுத்துத் தள்ளிய படங்கள், இல்லை. குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தோடு சொந்தம் கொண்ட ஜே.சி. டேனியல், சொத்தை விற்று எடுத்த 'விகதகுமாரன்' இருக்கிறதா? அதன் சுருளை அறியாத வயதில் விளையாட்டாகக் கொளுத்தியது அவர் மகனேதான். பெரியவரான பிறகு அவரே அதைச் சொன்னார்.

தப்பியது ஒன்றே ஒன்று. எப்படித் தப்பியது தெரியுமா? வழக்கில் மாட்டியதால்! சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை வைத்து எடுத்த 'மார்த்தாண்ட வர்மா' திருவனந்தபுரத்தில் திரையேறிய கையோடு, நாவலின் பதிப்புரிமை தங்களுடையது என்று கமலாலயா புத்தக நிலையத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். படம் நின்றது. தயாரிப்பாளர் சுந்தர்ராஜ் நொடித்துப் போனார். படப்பெட்டி புத்தகக் கடையிலேயே கிடந்தது, கிடந்தது, ஏறக்குறைய நாற்பது வருஷம் கிடந்தது! 1974-ல் பூனாவின் தேசிய ஃபிலிம் ஆவணக் காப்பகம் அதை வாங்கிக்கொண்டது. அன்றைக்குப் படம் நன்றாக ஓடி, பெட்டி ஊர் ஊராகச் சுற்றியிருந்தால், இன்று அதுவும் வளையல்தான்.

இதில் ஒரு விஷயத்தை நான் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். ராஜா கதை, சாமி கதை என்றால் யாராவது ஒருவர் பத்திரப்படுத்த நினைத்திருப்பார். புதுமாப்பிள்ளை திண்ணையில் தடுக்கி விழுந்தான், பெண்டாட்டி வாய்விட்டுச் சிரித்தாள் என்ற கதையை யார் பெட்டியில் பூட்டி வைப்பார்கள்? அற்பம் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தக் காலத்து வீடு எப்படி இருந்தது, மாமியார் எங்கே உட்கார்ந்தாள், மருமகள் எங்கே நின்றாள், கணவனும் மனைவியும் யாருக்கும் தெரியாமல் எப்படிக் கண்ணால் பேசினார்கள், இதெல்லாம் அந்த அற்பமான படங்களில்தான் இருந்தது!

நமக்கு மட்டும்தான் இந்த இழப்பா? உலகமே இழந்திருக்கிறது! அமெரிக்காவில் எடுத்த ஊமைக் கதைப்படங்கள் 10,919. அவை முதலில் வெளியான வடிவிலேயே முழுசாக மிஞ்சியவை நூற்றுக்குப் பதினான்கு. தம்பதிகளின் ஊடலை எர்ன்ஸ்ட் லூபிட்ச் அளவுக்கு நயமாக எடுத்தவர் யார்? அவருடைய 'கிஸ் மீ அகெய்ன்', 1925, காணோம். ஒரே வாரத்தில் வீடு கட்டப் புறப்பட்ட புதுமணத் தம்பதியை வைத்து பஸ்டர் கீட்டன் 1920-ல் எடுத்த 'ஒன் வீக்' தப்பித்தது. பார்க்காதவர்கள் உடனே பாருங்கள், அந்த வீடு சுழலும் காட்சிக்குக் கண் கலங்கச் சிரிப்பீர்கள்.

ஜப்பானின் மகா கலைஞன் யசுஜிரோ ஓசு, ஜாகை மாறும் தம்பதியைப் பற்றி 1928-ல் எடுத்த சிரிப்புப் படமும் போய்விட்டது. அந்த ஓசுவுக்கும் எங்கள் தீவின் சரித்திரத்துக்கும் ஒரு கண்ணி இருக்கிறது தெரியுமா? இரண்டாம் உலகப்போரின்போது 1942 மார்ச்சிலிருந்து அந்தமான் ஜப்பானியர் கையில். 1943 டிசம்பர் கடைசியில் நேதாஜி போர்ட் பிளேர் வந்து கொடியேற்றினார். அதே 1943-ல் ஓசுவை ஜப்பான் ராணுவம் சிங்கப்பூருக்கு அனுப்பி வைத்தது. எதற்கு? நேதாஜியைப் பற்றியும் இந்திய விடுதலைப் போரைப் பற்றியும் படம் எடுக்க! படத்துக்குப் பெயர் 'டெல்லிக்கு, டெல்லிக்கு'. ஜப்பான் சரணடைந்ததும் எடுத்த வரைக்குமான சுருள்களும் எழுதிய திரைக்கதையும் அழிக்கப்பட்டன. நேதாஜியைப் பற்றிய அந்தப் படத்தை ஓசு முடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! எத்தனை ராத்திரி இதை நினைத்துத் தூக்கம் கெட்டிருக்கிறேன்.

மனசு நிறையும் சேதிகளும் உண்டு! 1978-ல் கனடாவின் வடமேற்கில் டாசன் சிட்டி என்ற ஊரில் கட்டடம் கட்டத் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து 533 ரீல்கள் கிடைத்தன! பழைய நீச்சல் குளத்தை மூடுவதற்குக் குப்பையோடு கொட்டிய படங்கள். உறைபனி மண் குளிர்சாதனப் பெட்டி மாதிரி காத்து வைத்திருந்தது. 1919-ல் வெளியான 'பில்வமங்கள்' என்ற வங்காளப் படத்தின் ஒரு பகுதி பாரீஸ் காப்பகத்தில் அகப்பட்டு, 2016-ல் அதன் பிரதி பூனா வந்து சேர்ந்தது. 594 மீட்டர் நீளம். ஓர் அடிக்குப் பதினாறு ஃபிரேம், நொடிக்குப் பதினாறு பதினெட்டு ஃபிரேம் என்று அந்தக் காலத்து ஓட்டத்தில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய அரைமணி நேரம்தான். ஆனால் முப்பதாயிரம் ஃபிரேம்கள்! ஒவ்வொன்றிலும் நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கணம்!

அதைவிட எனக்குச் சந்தோஷம் தந்தது 'ஜமாய் பாபு'. ஜமாய் என்றால் வங்காளத்தில் மாப்பிள்ளை. காளிபத தாஸ் 1931-ல் எடுத்த படம். கோவர்த்தன் என்ற கிராமத்து மாப்பிள்ளை கல்கத்தாவிலிருக்கும் மாமனார் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறான். பட்டணத்தில் வழி தவறுகிறான், வேடிக்கை பார்க்கிறான், இடித்துக்கொள்கிறான், விழுகிறான். ராத்திரியில் மனைவியைப் பார்க்கத் தவிக்கிறான். நம் ஊர்த் தலைதீபாவளி மாப்பிள்ளையேதான்! அரைமணிக்குள் முடியும் படம். எல்லாம் அழிந்தபோது இது மட்டும் பிழைத்துக் கிடந்து பல பத்தாண்டுகள் கழித்துக் காப்பகத்தின் கையில் கிடைத்தது. முழுசாக மிஞ்சிய ஒரே வங்காள ஊமைப்படம் இதுதான்! கல்கத்தாவின் பழைய தெருக்களும் வண்டிகளும் அதில் அப்படியே நடமாடுகின்றன.

இதை என் செல்போனில், மாஷிமா என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளுக்குப் போட்டுக் காட்டினேன். தேசப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து கப்பலில் வந்து இங்கே குடியேறிய குடும்பம். ஜமாய் ஷஷ்டி என்று வருஷத்துக்கு ஒரு நாள் மாப்பிள்ளைக்கு மீனும் மாம்பழமும் இனிப்புமாக விருந்து வைப்பார்கள், எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வரும். கோவர்த்தன் விழித்து நின்ற காட்சியைப் பார்த்துவிட்டு மாஷிமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சத்தமே இல்லாத படம்! தொண்ணூறு வருஷம் தாண்டி வந்த ஒரு விளையாட்டு, அந்தமானில் ஒரு சமையற்கட்டு வாசலில் இன்னும் வேலை செய்தது!

பூனா காப்பகம் 1964-ல் தொடங்கியது. பி.கே. நாயர் என்ற மனிதர் ஊர் ஊராக அலைந்து கிடங்கிலும் பரணிலும் கிடந்த படப்பெட்டிகளைத் தூக்கி வந்து சேர்த்தார். அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததிலும் 2003 ஜனவரியில் தீப்பிடித்து நைட்ரேட் சுருள்கள் ஏராளமாகக் கருகின. 2014-ல் மும்பையில் ஃபிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் தொடங்கி, 2017-ல் சென்னையிலும் ஃபிலிம் பாதுகாப்புப் பயிற்சிப் பட்டறை நடத்தினார்கள். சுருளைக் கையில் எடுத்து, ஓட்டையைச் சரிபார்த்து, கிழிந்த ஓரத்தை ஒட்டத் தெரிந்த கைகள் இப்போது நம்மிடமும் இருக்கின்றன!

எங்கள் தீவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. காற்றே ஈரத் துணி மாதிரி இருக்கும். செருப்பில் பூஞ்சை, ஆல்பத்தில் பூஞ்சை, பீரோவில் மடித்து வைத்த பட்டில் பூஞ்சை. எங்கள் அம்மா அப்பா கல்யாணத்தை வீடியோ கேசட்டில் எடுத்திருந்தார்கள். ஒரு நாள் திறந்து பார்த்தேன். சன்னல் வழியாகத் தெரியும் நாடா ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக, மாவு தூவிய மாதிரி. நெஞ்சு அடைத்தது. அடுத்த கப்பலில் ஊருக்குப் போன சித்தப்பா கையில் கொடுத்துவிட்டேன். சென்னையில் ஒரு பையன் நாடாவை அங்குலம் அங்குலமாகத் துடைத்து, ஓட்டி, பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தான்.

வந்ததும் எல்லோருமாக உட்கார்ந்து போட்டோம். பனி பெய்கிற மாதிரி கோடுகள். அதற்குள்ளிருந்து மாலையும் கழுத்துமாக அப்பா. பக்கத்தில் அம்மா. சத்தம் இல்லை! கேசட்டில் ஒலித்தடம் நாடாவின் ஓரத்தில் ஓடும் தெரியுமா? பூஞ்சை முதலில் தின்றது ஓரத்தைத்தான். நாதஸ்வரம் ஊதுகிறவர் கன்னம் உப்புகிறது, ஒலி இல்லை. ஐயர் வாய் அசைகிறது, மந்திரம் இல்லை. அப்போது அம்மா சட்டென்று அப்பா பக்கம் தலையைச் சாய்த்து என்னவோ சொல்கிறாள். அப்பா நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். சிரிப்பை அடக்க முடியாமல் குனிகிறார். மாலை நழுவுகிறது.

"என்னம்மா சொன்னே?"

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஞாபகம் இல்லையேடா. கொஞ்சம் பின்னாடி ஓட்டு. இன்னொரு தரம் பார்ப்போம்."